சத்தம் போடாத ஷாக்

ஒரு மனிதன் தன் சொந்த வீட்டுக்குள் சத்தமில்லாமல் நுழைய ஆசைப்படுவது குற்றமா? நீங்களே சொல்லுங்கள். வீடு என் பெயரில் இருக்கிறது. சாவி என் பையில் இருக்கிறது. உள்ளே இருப்பவள் ஊரறிய சர்ச்சில் மோதிரம் மாற்றிக் கூட்டிவந்த என் மனைவி. ஆனாலும் நான் வருவது எனக்குத் தெரிவதற்கு முன்னால் அவளுக்குத் தெரிந்துவிடும். காரணம், என் கார்.

நான் ஃபிதென்சியோ. ஹுவாதுஸ்கோ ஊரில் நூல், பொத்தான், ஜிப் வியாபாரம். விடிந்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு மலைக் கிராமத்துக் கடைகளுக்கெல்லாம் போய்ச் சரக்குப் போட்டுவிட்டு, சாயங்காலம் திரும்புவேன். நாள் முழுக்க நானும் வண்டியும் மட்டும்தான். கடைக்காரர்கள் என்னிடம் பேசுவதெல்லாம் "கறுப்பு நூல் ரெண்டு பெட்டி" என்பதோடு சரி.

சர்ச் மூலையில் திரும்பினால் என் வீடு வரை தெரு சரிவு. அந்தச் சரிவில் ஒன்பது வேகத்தடைகள். ஒன்பதில் ஒன்றைக்கூட அரசாங்கம் போடவில்லை. எங்கள் ஊரில் வேகத்தடை போட ஒரு மூட்டை சிமெண்டும் ஒரு கோபமும் போதும். ஒன்று பாதிரியார் போட்டது. ஒன்று பள்ளிக்கூடத்துக்காகப் போட்டது. ஒன்று, யாரோ ஒருத்தியின் கோழி லாரியில் அடிபட்டதற்காக அவள் ராத்திரியோடு ராத்திரியாகப் போட்டது. கோழியின் நினைவுச்சின்னம் கொஞ்சம் பெரியது. நகராட்சி எதையும் கேட்காது. கேட்டால் நகராட்சி வாசலிலும் ஒன்று போட்டுவிடுவார்கள்.

என் கார் இந்த ஒன்பதிலும் ஏறி இறங்கும்போது, ஏறும்போது "டொக்", இறங்கும்போது "டொக்", நடுவில் ஒரு "கிரீச்". ஷாக் அப்சார்பர் நாலும் போய்விட்டது. அதிர்ச்சியைத் தாங்குவதற்கென்றே பிறந்த உருப்படி அது. வீட்டில் அந்த வேலையைக் கல்யாணமான நாளிலிருந்து நான் பார்க்கிறேன். நானும்தான் தேய்ந்து போய்விட்டேன். மாற்றத்தான் ஆளில்லை.

வீட்டுக்குள் நான் நுழைந்தால் நிலவரம் இப்படி இருக்கும். அடுப்பில் சோள ரொட்டி தயாராக வெந்துகொண்டிருக்கும். மேஜையில் மொச்சை. ஹெர்லிந்தா தட்டை வைப்பாள். வைத்துவிட்டு, பூத்தையலை எடுத்துக்கொண்டு அறைக்குப் போய்விடுவாள். ஒரே பையன், அவனும் தூரத்து மோன்தெர்ரே நகரத்துக்கு வேலைக்குப் போய்விட்டான். நானும் மொச்சையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்போம். இதில் கோபமில்லை, சண்டையில்லை. சண்டை இருந்தால் நாலு வார்த்தையாவது கிடைக்குமே.

ஒரு நாள் பக்கத்து வீட்டுப் பொன்சியானோ மதில்மேல் சாய்ந்துகொண்டு சொன்னான்.

"பங்காளி, உன் வீட்டுல இன்னிக்கும் ஒரே கொண்டாட்டம் போல?"

"என் வீட்டுலயா?"

"தினமும்தானே? மத்தியானத்துல ஆரம்பிச்சா உன் சம்சாரமும் அந்தப் பொம்பளைங்களும் சிரிக்கிற சிரிப்புல என் வீட்டு ஓடு நகருது. என் பொண்டாட்டி அங்கதான் குடியிருக்கா."

"ஹெர்லிந்தாவா சிரிக்கிறா?"

"அவதான் சிரிக்க வைக்கிறதே. என்ன பங்காளி, தெரியாதா?"

"தெரியும் தெரியும்," என்றேன்.

எனக்குத் தெரியாது. ஹெர்லிந்தாவுக்குச் சிரிக்க வரும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. பெண்கள் என் வீட்டில் கூடிப் பூத்தையல் போடுவார்கள் என்று தெரியும். நூல் என்னுடையதாயிற்றே. ஆனால் நான் கதவைத் திறக்கும்போது அங்கே ஒரு பூனைகூட இருந்ததில்லை. முதல் "டொக்"கில் எழுந்து, ஐந்தாவது "டொக்"கில் மடித்து, ஒன்பதாவதில் கொல்லைப்புறமாகக் கலைந்துவிடுகிறார்கள்!

அன்று சபதம் எடுத்தேன். என் வண்டி ஊமையாக வேண்டும். நான் என் வீட்டுச் சிரிப்பை என் காதால் கேட்க வேண்டும். கேட்டுவிட்டு, முடிந்தால், அதில் நானும் கொஞ்சம் சிரிக்க வேண்டும்.

மறுநாள் தோன் நிக்கானோரின் உதிரிபாகக் கடையில் நின்றேன். (தோன் என்பது எங்கள் பக்கத்து 'ஐயா'.) அவர் வெளியே வந்து வண்டியின் மூக்கை இரண்டு கையாலும் அமுக்கி, கையை எடுத்தார். நல்ல ஷாக் என்றால் மேலே வந்து அப்படியே நிற்க வேண்டுமாம். என் வண்டி நிற்கவில்லை. ஆமாம் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிக்கொண்டே இருந்தது. நான் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுகிற ஒரே ஜீவன் அதுதான். அதையும் மாற்றப் போகிறேன் என்று நினைத்தபோது கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது.

"கேஸா, ஆயிலா?" என்றார்.

"எனக்கா?"

"வண்டிக்கு."

"ஓ. எனக்குக் கேஸ் ஏற்கெனவே இருக்கு. தினமும் மொச்சை."

அவர் சிரிக்கவில்லை. என் நகைச்சுவைக்கு எங்குமே இதுதான் மரியாதை.

"ஆயில் போட்டா பஞ்சு மாதிரி போகும். ஆனா நம்ம மலை ரோட்டுல சூடாகி நுரை கட்டிரும், பழைய கதைதான். கேஸ்னா கொஞ்சம் விறைப்பு, ஆனா சொன்ன சொல் மாறாது. உங்களுக்கு எது முக்கியம்? சொகுசா, பாரமா, வளைவுல சாயாம இருக்கணுமா?"

"சத்தம்."

"சத்தம் வேணுமா?"

"ஐயோ, வேண்டாம். சத்தம் ஒண்ணுதான் வேண்டாம்."

தோன் நிக்கானோர் கடைக்குள் எட்டிப் பார்த்தார். யாருமில்லை. என் காதருகே குனிந்தார்.

"யாரு?"

"யாரு யாரு?"

"வண்டி சத்தம் போடக்கூடாதுன்னு வர்றவன் ரெண்டே வகை தோன் ஃபிதென்சியோ. ஒண்ணு, போகக்கூடாத வீட்டுக்குப் போறவன். இன்னொண்ணு, போயிட்டுத் திரும்பி வர்றவன். நீங்க எது?"

"நான் என் வீட்டுக்குப் போறவன்."

"உங்க வீட்டுக்கா?"

"என் பொண்டாட்டியைப் பாக்க."

"சொந்தப் பொண்டாட்டியைத் திருட்டுத்தனமாவா?"

"ஆமா."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இந்த வகை நான் பாத்ததில்ல," என்றார். பிறகு குரலில் ஒரு இரக்கம் வந்துவிட்டது. "முன்னாடி ஷாக்கைத் தாங்கி நிக்கிற ஸ்ட்ரட்டை ஸ்பிரிங், மேல் ரப்பர் எல்லாத்தோடயும் சேத்தே மாத்திருங்க. அந்தக் கிரீச் இருக்கே, அது ரப்பர்லேர்ந்துதான் வருது. ஷாக்கை மட்டும் மாத்திட்டுப் பழைய ரப்பரை விட்டுட்டா, புது மாப்பிள்ளைக்குப் பழைய செருப்பு மாட்டின மாதிரி, சத்தம் போகாது. பின்னாடி, பாரம் தாங்குற ரகம் போடுறேன். நூல் மூட்டை ஏத்துறீங்கல்ல? ஒரு யானையை ஏத்தினாலும் பின்பக்கம் குனியாது."

"யானை வேண்டாம். பூனை மாதிரி போனா போதும்."

"போகும். போய்..." என்று நிறுத்தி, என் தோளைத் தட்டினார். "போய் நல்லபடியா பாருங்க, உங்க பொண்டாட்டியை."

அன்று சாயங்காலம் புது ஷாக்கோடு சர்ச் மூலையில் திரும்பி, வண்டியை நியூட்ரலில் போட்டேன். சரிவில் உருண்டது. முதல் மேடு. சத்தமில்லை. பள்ளிக்கூடத்து மேடு. சத்தமில்லை. கோழியின் நினைவுச்சின்னத்தில்கூட ஒரு பெருமூச்சு மாதிரி ஏறி இறங்கியது. எனக்கே பயமாகிவிட்டது. நான் உயிரோடு இருப்பதற்கு ஊரில் இருந்த ஒரே அத்தாட்சி அந்தச் சத்தம்தான் போலிருக்கிறது.

வாசலில் நிறுத்திவிட்டு, தண்ணீர்த் தொட்டியின் பின்னால் ஒதுங்கி, சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

என்னைப் பார்த்தேன்.

ஹெர்லிந்தா என் பழைய தொப்பியைத் தலையில் வைத்திருந்தாள். இடுப்பில் ஒரு தலையணையைக் கட்டியிருந்தாள். பொன்சியானோ மனைவி குக்காவும் இன்னும் நாலைந்து பெண்களும் பூத்தையலை மடியில் போட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்கள்.

"டொக்... கிரீச்... டொக்," என்றாள் ஹெர்லிந்தா, வாயாலேயே. என் வண்டியேதான்! "இது சர்ச் மூலை. டொக்... கிரீச்... டொக். இது பள்ளிக்கூடம். குக்கா, மாவை எடு, மாவை எடு! டொக்! இதோ, ஐயா எழுந்தருளிட்டாரு!"

பிறகு தலையணையை முன்னால் தள்ளிக்கொண்டு நடந்தாள். மிதியடியில் வலது காலைத் துடைத்தாள். இடது காலைத் துடைத்தாள். மறந்துபோய் வலது காலை மறுபடியும் துடைத்தாள். தொப்பியை ஆணியில் மாட்டினாள். தொப்பி விழுந்தது. குனிந்து அதை ஒரு பார்வை பார்த்தாள், ஏதோ தொப்பிதான் துரோகம் செய்துவிட்ட மாதிரி. எடுத்துத் திரும்ப மாட்டினாள். மேஜையை எட்டிப் பார்த்து, உலகத்துத் துக்கத்தையெல்லாம் மூக்கில் ஏற்றிக்கொண்டு, "மொச்சையா?" என்றாள்.

பெண்கள் நாற்காலியிலிருந்து சரிந்தார்கள்.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அந்த ஆணி ஆடுகிறது. தொப்பி தினமும் விழுகிறது. அதை அவள் பார்த்ததாகவே எனக்குத் தெரியாது. நான் காலை மூன்று தரம் துடைப்பது எனக்கே தெரியாது! என்னை யாரும் பார்ப்பதில்லை என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். என்னை இவ்வளவு உன்னிப்பாக என் அம்மாகூடக் கவனித்ததில்லை. சட்டைக் கையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தேன். கண்ணில் நீர் வந்தது. சிரிப்பினால் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

சந்தோஷம் தாங்காமல் கதவைத் திறந்து உள்ளே போனேன். குழாயை மூடியது போலச் சிரிப்பு நின்றது. தொப்பி எங்கே போனது, தலையணை எங்கே போனது, தெரியாது. "வணக்கம் தோன் ஃபிதென்சியோ", "வணக்கம் தோன் ஃபிதென்சியோ" என்று ஒவ்வொருத்தியாகத் தையலை மடித்துக்கொண்டு போனாள். குக்கா மட்டும் என் கால்களைப் பார்த்துக்கொண்டே போனாள். நான் மிதியடியில் வலது காலைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது தரம்.

"எப்படி வந்தே கிழவா?" என்றாள் ஹெர்லிந்தா. எங்கள் பக்கம் இது திட்டு இல்லை, செல்லம். கல்யாணமான மறுவாரமே இந்தப் பட்டம் கிடைத்துவிடும். வயது பின்னால் நிதானமாக வந்து சேரும்.

"வண்டியிலதான்."

"சத்தமே கேக்கலையே?"

"புது ஷாக்."

"ஓ."

ரொட்டி ஜில்லென்று இருந்தது. நான் அதைத் தொட்டுவிட்டு அவளைப் பார்த்தேன்.

"நீ வர்றது தெரிஞ்சாத்தானே சூடா போட முடியும்?" என்றாள். தட்டை வைத்துவிட்டு அறைக்குப் போய்விட்டாள்.

பரவாயில்லை. ஒரு பாடம் கற்றேன். உள்ளே போனால்தானே சிரிப்பு நிற்கிறது? போகாவிட்டால்? மறுநாளிலிருந்து காலி நூல் பெட்டி ஒன்றை ஜன்னலடியில் போட்டு உட்கார்ந்துகொண்டேன். கிராமத்துக் கடைகளை அவசரம் அவசரமாக முடித்துவிட்டு, நாடகத்துக்கு வருவதுபோல் வந்து சேர்ந்தேன். நான் தும்முவது, நான் பொத்தான் எண்ணுவது, நான் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் தூங்கிவிட்டு ஆமென் மட்டும் உரக்கச் சொல்வது. ஒரு நாள் செய்ததை அவள் மறுநாள் செய்யவில்லை. உள்ளே அவள், வெளியே நான், நடுவில் ஒரு சுவர். ஒரே ஆளைப் பார்த்து இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருந்தோம். கல்யாணமான புதிதில் ஒன்றாகச் சிரித்ததற்குப் பிறகு இப்போதுதான். நல்ல காட்சி முடிந்ததும் மெல்ல எழுந்து, தெருமுனை வரை நடந்து திரும்பி வந்து, இருமிவிட்டு உள்ளே போவேன். ஆறிய ரொட்டியைத் தின்பேன். எனக்கு அது போதுமாக இருந்தது.

அப்புறம் ஒரு சாயங்காலம் ஹெர்லிந்தா நாற்காலி ஒன்றை நடுவில் இழுத்துப் போட்டாள். "இது வண்டி," என்றாள். தலையணையோடு அதைச் சுற்றி வந்து, முதுகைத் தடவிக்கொடுத்து, தேன் ஒழுகும் குரலில், "களைச்சுட்டியாம்மா?" என்றாள்.

நான் தினமும் வண்டியை நிறுத்தியதும் அதன் மூக்கைத் தட்டிச் சொல்வது அதுதான். நாள் முழுக்கக் கூடவே வருகிறதே என்ற நன்றி.

"கேட்டியா குக்கா? வண்டிகிட்ட 'களைச்சுட்டியாம்மா'. நாள் பூரா அடுப்புல வெந்தவகிட்ட 'மொச்சையா?'"

பெண்கள் சிரித்தார்கள். அன்றைக்கு ஹெர்லிந்தா சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. நூல் பெட்டியில் அப்படியே உட்கார்ந்திருந்தேன். இது ஒரு பெரிய விஷயமா? ஒரு வார்த்தைதானே? கேட்டுவிட்டால் போயிற்று. இவ்வளவு சுலபமான ரிப்பேரை விட்டுவிட்டு நான் ஸ்ட்ரட் வாங்கப் போயிருக்கிறேன்!

தெருமுனை போய்த் திரும்பி வந்தேன். இருமினேன். உள்ளே போனேன். மேஜைமேல் மொச்சை. அதை நான் பார்க்கவே இல்லை. ஹெர்லிந்தாவின் தோளில் கையை வைத்தேன். மெதுவாகத் தட்டினேன்.

"களைச்சுட்டியாம்மா?" என்றேன்.

அவள் கையிலிருந்த கரண்டி நின்றது. என்னைப் பார்த்தாள். ஒரு நொடி அந்த முகம் மலர்ந்தது. சத்தியமாக மலர்ந்தது, நான் பார்த்தேன். அப்புறம் அவள் ஜன்னலைப் பார்த்தாள். ஜன்னல் வழியே எட்டி, அடியில் கிடந்த நூல் பெட்டியைப் பார்த்தாள். அதற்கப்பால் பூனை மாதிரி நின்றிருந்த வண்டியைப் பார்த்தாள். திரும்ப என்னைப் பார்த்தாள்.

திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை.

"கிழவா," என்றாள் இனிமையாக. "அந்தப் புது ஷாக் பாரம் தாங்குமா?"

என்னிடம் அவள் வண்டியைப் பற்றிக் கேட்பது அதுதான் முதல் தடவை. அப்படியே உருகிவிட்டேன்.

"தாங்குமாவா! பின்பக்கம் கேஸ், விசேஷ ரகம்! யானையை ஏத்தினாலும் குனியாது!"

"யானை எதுக்கு? துவைக்கிற தொட்டி விரிசல் விட்டிருக்கு. ரெண்டு மூட்டை சிமெண்ட், கொஞ்சம் மணல். முடியுமா?"

"மூணு மூட்டையே கொண்டு வர்றேன்!"

"மூணா? தாங்குமா?"

"நீ பாரேன்!"

அன்றைக்கு அவள் அறைக்குப் போகவில்லை. எதிரிலேயே உட்கார்ந்து, ஸ்ட்ரட் என்றால் என்ன, ரப்பர் எங்கே இருக்கும், வண்டி எவ்வளவு உயரம் நிற்கும், அடிவயிறு தரையிலிருந்து எத்தனை சாண் என்றெல்லாம் கேட்டாள். நான் சாணால் அளந்தே காட்டினேன். கல்யாணத்துக்கு முன்னால்கூட நாங்கள் இவ்வளவு பேசியதில்லை.

மறுநாள் மூன்று மூட்டையோடு வந்தேன். வண்டி இம்மியும் குனியவில்லை. ஹெர்லிந்தா வாசலில் நின்று கை தட்டினாள். தெருவே பார்த்தது. அடுத்த நாள் காலையில் குக்கா மண்வெட்டி கேட்டு வந்தாள்; கொடுத்தேன். மஞ்சள் பெயின்ட் மிச்சம் இருக்கிறதா என்றாள், அதையும் கொடுத்தேன். கொடுத்துவிட்டுக் கிராமம் கிராமமாகச் சுற்றினேன். மலைப்பாதை முழுக்க எனக்குள் ஒரே பாட்டு. இன்றைக்கு நூல் பெட்டி வேண்டாம் என்று முடிவு செய்தேன். ஜன்னலடியில் உட்காரப் போவதில்லை. நேராக உள்ளே போய், "எல்லாத்தையும் கேட்டேன், நல்லா செய்யறே, எனக்கும் ஒரு நாற்காலி போடு" என்று சொல்லிவிடப் போகிறேன்.

சர்ச் மூலை திரும்பினேன். நியூட்ரல். முதல் மேடு, பள்ளிக்கூடம், கோழி. ஒன்பதும் தாண்டியாயிற்று. சத்தமே இல்லை. ஜன்னலில் வெளிச்சம். சிரிப்பு தெருவரைக்கும் வந்தது. என் முகத்திலும் சிரிப்பு வந்துவிட்டது.

அப்போது என் வாசலுக்கு நேர் எதிரே மஞ்சளாக எதையோ பார்த்தேன். பார்த்தது லேட்.

டமார்! ஷாக் தாங்கியது, சும்மா சொல்லக்கூடாது. ஆனால் சக்கரம் ஏறி இறங்கிய பிறகு வண்டியின் வயிறு அதில் உட்கார்ந்து, தகரக் கொட்டகையை ரம்பத்தால் அறுக்கிற மாதிரி ஒரு நீளமான சத்தம் போட்டது. மலைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களுக்குக்கூட ஃபிதென்சியோ வந்துவிட்டான் என்று தெரிந்திருக்கும். மதிலுக்கு மேலே பொன்சியானோவின் தலை எழுந்து, என் முகத்தைப் பார்த்ததும் மரியாதையாகக் கீழே போய்விட்டது.

என் சிமெண்ட். என் மண்வெட்டி. என் பெயின்ட். உயரம், நான் சாணால் அளந்து காட்டிய அதே அடிவயிறு.

உள்ளே சிரிப்பு நின்றது. பெண்கள் தையலை மடித்துக்கொண்டு கொல்லைப்புறமாகப் போகிற செருப்புச் சத்தம் கேட்டது. கதவு திறந்தது. ஹெர்லிந்தா.

"வந்துட்டியா கிழவா? சத்தம் கேட்டுச்சு. ரொட்டி போட்டுட்டேன்."

நான் வண்டியிலிருந்து இறங்கினேன். சொல்ல வேண்டும் என்று நினைத்ததெல்லாம் மறந்துபோயிற்று. ஒன்றே ஒன்றுதான் மிச்சம் இருந்தது.

"ஹெர்லிந்தா, நானும் ஒரு ஓரமா உக்காந்து சிரிச்சுட்டுப் போறேனே?"

அவள் யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள், அதை நான் சொல்லியாக வேண்டும்.

"உன்னை வச்சுத்தானே சிரிக்கிறோம்? நீயே வந்து உக்காந்துட்டா, அப்புறம் நான் யாரை நடிக்கிறது?"

அவள் ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு படியிறங்கி என்னை நோக்கி வந்தாள். நான் நிமிர்ந்து நின்றேன். தொப்பியைக்கூடச் சரிசெய்துகொண்டேன். அவள் என்னைத் தாண்டிப் போனாள். மஞ்சள் மேட்டில் மாட்டிக்கொண்டு நின்ற வண்டியின் மூக்கைப் பரிவோடு தட்டினாள்.

"களைச்சுட்டியாம்மா?" என்றாள்.

பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"மொச்சைதான்."